நடுக்கடலில் ஒரு நிறுத்தம்

அக்டோபர் பாதியைத் தாண்டிவிட்டால் டோங்காவின் நுக்குவலோஃபா துறைமுகத்தில் பாய்ப்படகுக்காரர்களுக்கு வானிலையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. தென்மேற்குப் பசிபிக்கின் வெப்பப் பகுதியில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். பிரெஞ்சு பாலினீசியா, குக் தீவுகள், டோங்கா என்று மாதக்கணக்கில் தீவு தீவாக நிதானமாக வந்தவர்கள் எல்லோரும் அதற்குள் எங்காவது ஒதுங்கியாக வேண்டும். பலருக்கு அந்த இடம் நியூசிலாந்து. தெற்கே ஆயிரம் கடல் மைலுக்கும் அதிகம். அதுவரை வணிகக் காற்று முதுகில் தள்ள அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள், பெட்டிக்கு அடியில் கிடந்த கம்பளிச் சட்டையைத் தேட ஆரம்பிப்பார்கள். யாரும் பயப்படுவதாகச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மாலையில் பீர் குப்பியோடு உட்கார்ந்தால் மடியில் மடிக்கணினி இருக்கும். அதில் காற்று வரைபடம் இருக்கும்.

துறைமுகத்துக்கு எதிரே பங்காய்மோட்டு என்ற குட்டித் தீவின் ஓரமாக நங்கூரமிட்டிருந்த படகுகளில் ஒன்றில்தான் நான் ஏறினேன். ஆக்லாந்தில் குடியிருக்கிறேன், மின்பொறியாளன், ஈரோட்டுப் பக்கம் கிணற்றில் நீச்சல் பழகியவன். வார இறுதிகளில் ஹவுராக்கி வளைகுடாவில் பாய்ப்படகு ஓட்டக் கற்றிருந்தேன். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியும். கரை தெரியாத கடலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கேப்டனும் அவர் மனைவியும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள், இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் மூன்றாவதாக ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. இரண்டே பேர் என்றால் அந்த ஓய்வு பாதியாகிவிடும்.

பேசிப் பார்க்கப் போனபோது எனக்கு எவ்வளவு அனுபவம் என்று கேப்டன் கேட்கவில்லை. எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் கேட்டார். சொன்னேன். "சரி. அந்தத் தேதியை மறுபடி என்னிடம் சொல்லாதே" என்றார்.

படகு பன்னிரண்டு மீட்டர் நீளம், பத்து டன்னுக்கு மேல் எடை, எண்பதுகளில் கட்டிய கண்ணாடியிழை உடல். ஒற்றைப் பாய்மரம், அதற்கு முன்னால் இரண்டு பாய்கள், அடியில் நீளமான கனத்த கீல். இந்தக் காலத்து அகன்ற, தட்டையான படகுகளின் பக்கத்தில் நிறுத்தினால் மந்தம்தான். அதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் கேப்டனும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தக் கடல்வழியின் சிக்கல் எளிமையானது. ஆஸ்திரேலியாவிலிருந்து காற்றழுத்த உயர்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இரண்டு உயர்வுகளுக்கு நடுவில் ஒரு தாழ்வு. அந்தத் தாழ்விலிருந்து நீளும் குளிர் முகப்பு தெற்கின் குளிர்க்காற்றை வெப்பக் காற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு வரும். சராசரியாக வாரத்துக்கு ஒன்று. பயணமும் ஏறத்தாழ ஒரு வாரம். ஆகவே வழியில் ஒரு முகப்பையாவது சந்தித்தே தீர வேண்டும். எந்த இடத்தில் சந்திப்பது என்பதை மட்டும் ஓரளவு தேர்ந்தெடுக்கலாம். நியூசிலாந்துக்கு மிக அருகில் சந்தித்தால் குளிரும் வேகமும் கூடுதல். முகப்பு கடந்ததும் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும், போக வேண்டிய திசையும் ஏறக்குறைய அதுதான். அதனால் நேராகத் தெற்கே இறங்காமல் முதலில் மேற்கே ஒதுங்கி, அப்புறம் திரும்புவது வழக்கம். தென்கோளத்தில் தாழ்வு மண்டலம் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். வங்காள விரிகுடாப் புயல்களைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த எனக்கு எல்லாமே தலைகீழாக இருந்தது. வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒருமுறை புரட்டிப் போட்டுக்கொள்வேன்.

இந்த வழியில் போகிற எவருக்கும் 1994 தெரிந்திருக்கும். அந்த ஆண்டு ஜூன் மாதம் அரசியின் பிறந்தநாள் விடுமுறையின்போது நியூசிலாந்திலிருந்து டோங்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்த படகுக் கூட்டத்தை, மிக வேகமாக ஆழமடைந்த ஒரு தாழ்வு மண்டலம் பிடித்துக்கொண்டது. 21 பேரைக் காப்பாற்றினார்கள்; கடற்படையின் மோனோவாய் கப்பலும் அந்த வேலையில் இருந்தது. குவார்ட்டர்மாஸ்டர் என்ற படகில் போன மூன்று பேர் திரும்பவில்லை. காலியான உயிர்காப்புத் தெப்பம் மட்டும் கிடைத்தது. இந்தக் கதையைக் கேப்டனின் மனைவி எனக்கு முதல் நாளே சொன்னார், உருளைக்கிழங்கு உரித்தபடி, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல். பயமுறுத்துவதற்காகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை. வீட்டுக்கு வருபவரிடம் கிணறு எந்தப் பக்கம் என்று சொல்லி வைப்போமே, அந்தத் தொனி.

நுக்குவலோஃபாவிலிருந்து தென்மேற்கே 250 மைலுக்குச் சற்று மேல் போனால் மினெர்வா பவளத்திட்டு. வடக்கு, தெற்கு என்று இரண்டு. வடக்கு மினெர்வா ஏறத்தாழ வட்டம், குறுக்களவு ஐந்து கிலோமீட்டருக்கு மேல். வடமேற்கில் உள்ளே நுழைய ஒரு வாசல். ஓதம் ஏறினால் திட்டு முழுக்கத் தண்ணீருக்கடியில் போய்விடும். இறங்கினால் பழுப்பு நிறத்தில் ஒரு விளிம்பு மட்டும் தலைகாட்டும். மரம் இல்லை, மணல்மேடு இல்லை, மனிதவாசனையே இல்லை. நடுப் பசிபிக்கில் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, நாலாபுறமும் கடலைப் பார்த்தபடி தேநீர் குடிக்கலாம். சுற்றிலும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், உள்ளே படகு ஆடாமல் நிற்கும். நான் பார்த்த இடங்களிலேயே விசித்திரமானது இதுதான். அடுத்த நல்ல வானிலைக்காகப் படகுகள் இங்கே காத்துக் கிடப்பதுண்டு.

மினெர்வாவுக்கு வரலாறும் உண்டு. 1962 ஜூலையில் நியூசிலாந்துக்குக் கிளம்பிய ஒரு டோங்கா பாய்க்கப்பல் இரவில் தெற்கு மினெர்வாவில் மோதி உடைந்தது. அதில் 17 பேர். சிலர் ஆக்லாந்தில் குத்துச்சண்டை போடப் போன வீரர்கள். திட்டின் மேல் ஏற்கெனவே தரைதட்டிக் கிடந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் கூட்டுக்குள் அவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உடைசல் பலகைகளை வைத்தே ஒரு சிறு படகு கட்டினார்கள். கேப்டன் தெவிட்டா ஃபிஃபிட்டா தன் மகனோடும் தச்சரோடும் அதில் ஏறி ஃபிஜியின் கடாவு தீவுவரை போய் உதவி கொண்டுவந்தார். மகன் கரையை எட்டும் முன்பே இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, 1972இல், அமெரிக்கப் பணக்காரர் ஒருவரின் கூட்டம் இதே திட்டில் மணலைக் கொட்டி 'மினெர்வா குடியரசு' என்று கொடியேற்றியது. வரியே இல்லாத நாடாம். டோங்கா மன்னர் அதே ஆண்டு அங்கே போய்த் தன் கொடியை ஏற்றிவிட்டு வந்தார். ஓதம் ஏறினால் மூழ்கிப்போகிற இடத்துக்கு இவ்வளவு போட்டி!

நாங்களும் அங்கே காத்திருந்தோம். பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த ஒரு படகில் நாலு இளைஞர்கள். எங்களுடையதைவிடச் சற்று நீளம், ஒல்லியான அழகான படகு. இரவு இறால் சுட்டுக் கொடுத்தார்கள். ஒரு முகப்பு கடந்து, அதன் பின்னால் உயர்வு மண்டலம் வந்ததும் இரண்டு படகுகளும் ஒரே காலையில் வாசலைத் தாண்டின. மத்தியானத்துக்குள் அவர்கள் பாய் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது.

முதல் சில நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிழக்குக் காற்று, ஐந்தரை நாட் வேகம், விண்ட்வேன் தானாகவே சுக்கானைப் பிடித்துக்கொண்டது. எனக்கு வாந்தி. இஞ்சி மரப்பா, உப்பு பிஸ்கட், அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது என்று எல்லா வைத்தியமும் பார்த்தாயிற்று. காற்றடிக்காத பக்கமாகத்தான் எக்கி வாந்தியெடுக்க வேண்டும் என்கிற ஒரே சட்டத்தை மட்டும் மீறவில்லை. அப்புறம் ஒரு காலையில் திடீரென்று பசித்தது. என் குக்கரில் பொங்கல் வைத்தேன். பாய்ப்படகில் பிரஷர் குக்கருக்குத் தனி மரியாதை. எவ்வளவு ஆடினாலும் மூடி கழன்று கொதிக்கும் சோறு மடியில் கொட்டாது. மிளகும் இஞ்சியும் கேப்டனின் மனைவிக்குப் பிடித்துப்போயின. நெய்க்குப் பதில் வெண்ணெய் என்பது எனக்குத்தான் உறுத்தியது.

180 பாகைக் கோட்டைத் தாண்டினோம். தேதி மாறவில்லை. டோங்கா தன் நாட்காட்டியை நியூசிலாந்தோடு வைத்துக்கொண்டிருப்பதால் தேதிக்கோடு டோங்காவுக்கு அந்தப் பக்கமாக வளைந்து போகிறது.

தெற்கு அட்சம் முப்பதை நெருங்கும்போது காற்று வடகிழக்கிலிருந்து வடக்கே நகர்ந்தது. பாரோமீட்டர் இறங்கத் தொடங்கியது. செயற்கைக்கோள் வழியாக இறக்கிய வானிலைக் கோப்பில் முப்பது நாட் என்று போட்டிருந்தது. "அதோடு பத்தைக் கூட்டிக்கொள்" என்றார் கேப்டன். அந்தக் கோப்புகள் ஒரு பெரிய பரப்பின் சராசரியைத்தான் காட்டும், வீச்சைக் காட்டாது. பத்து நாட் கூடினால் என்ன என்று நினைக்கக் கூடாது. பாயின் மேல் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். இருபது நாட்டிலிருந்து நாற்பதுக்குப் போனால் அழுத்தம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. அதனால் இருட்டும் முன்பே பெரிய பாயை மூன்றாம் மடிப்புவரை சுருக்கிக் கட்டினோம். அந்த நேரத்தில் காற்று பதினெட்டு நாட்தான். படகு ஊர்ந்தது. எனக்குள் அந்தச் சொல்லக் கூடாத தேதி எட்டிப் பார்த்தது.

மறுநாள் வடமேற்குக் காற்றும் மழையும். அதுகூடப் பரவாயில்லை, பின்னாலிருந்து தள்ளியது. மத்தியான நேரம் மேற்கே அடிவானத்தில் கரும்பலகையை நிறுத்தி வைத்தாற்போல் நேர்க்கோடாக ஒரு மேகம். அது தலைக்கு மேல் வந்தபோது காற்று ஒரு நிமிடம் அடங்கியது. பாய் தொங்கியது. கேப்டன் என் ஹார்னஸின் கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அடுத்த நொடி தென்மேற்கிலிருந்து அடித்தது.

குளிர்க்காற்று கனமானது. வெப்பப் பகுதியில் முப்பது நாட் காற்றைத் தாங்கியவர்கள்கூட இந்த முப்பதில் திகைப்பார்கள். அரை மணி நேரத்தில் கருவியில் 35. வீச்சில் 42 தொட்டது. ஆனால் காற்றை எண்களில் சொல்லிவிடலாம். கடலைச் சொல்வது கஷ்டம். வடமேற்கிலிருந்து வந்த பழைய அலை இன்னும் ஓயவில்லை. அதன் குறுக்கே தென்மேற்கிலிருந்து புது அலை எழும்பியது. இரண்டும் முட்டிய இடங்களில் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் தண்ணீர் கோபுரமாக எழுந்து அப்படியே சரிந்தது. ஓர் அலைக்குத் தயாராக உடம்பைச் சாய்த்தால் அடி வேறு பக்கத்திலிருந்து வரும்.

எவ்வளவு உயரம் என்று இன்றுவரை எல்லோரும் கேட்கிறார்கள். காக்பிட்டில் நின்றால் என் கண் தண்ணீருக்கு மேல் ஏறத்தாழ மூன்று மீட்டர். படகு பள்ளத்தில் இருக்கும்போது முன்னால் வரும் அலை அடிவானத்தை மறைத்தால் அது மூன்று மீட்டருக்கு மேல் என்று கணக்கு. நிறைய அலைகள் மறைத்தன. நான் ஐந்து என்பேன், கேப்டன் நாலு என்பார். அவர் மனைவி அலை வரும் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்று விரதம் வைத்திருந்தார்.

உள்ளே இன்னும் மோசம். படகு அலையின் உச்சியில் ஏறி மறுபுறம் காற்றில் விழும்போது பத்து டன்னும் தண்ணீரில் மோதும். அலமாரியில் இருந்த ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் குரல் கொடுத்தது. கழிப்பறைக்குப் போவது என்பது ஒரு கையால் சுவரைப் பிடித்து, முழங்காலால் கதவை அணைத்து, மறுகையால் ஈரமான மேலுடையைக் கழற்றுகிற அரை மணி நேர வேலை. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதனால் தலைவலி. கடலில் மனிதன் கெடுவது இப்படித்தான். பெரிய அலை வந்து அடித்துக்கொண்டு போவது அபூர்வம். தண்ணீர் குடிக்காதது, சாப்பிடாதது, தூங்காதது, ஈரச் சட்டையை மாற்றாதது என்று சில்லறை சில்லறையாகச் சேர்ந்து, கடைசியில் கயிற்றை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதே மறந்துபோகும்.

மாலை நாலு மணி வாக்கில் அடித்தளப் பலகையின் இடுக்கில் தண்ணீர் மினுங்கியதைக் கேப்டனின் மனைவி பார்த்தார். பலகையைத் தூக்கினார். விரலை நனைத்து நாக்கில் வைத்தார். நன்னீர் என்றால் குடிநீர்த் தொட்டி கசிகிறது, கவலை குறைவு. முகத்தைச் சுளித்தார். உப்பு.

பம்பு ஓடியது, தண்ணீர் குறைந்தது, பத்து நிமிடத்தில் மறுபடி ஏறியது. எங்கிருந்து என்று தேட வேண்டும். ஆனால் நிற்கவே முடியாத படகில், கையில் டார்ச்சோடு, ஒவ்வோர் அறையாகப் பொருட்களை அள்ளிப் போட்டுத் தேடுவது எப்படி? நானும் கேப்டனும் மாறி மாறி முயன்றோம். என் நெற்றி கதவுச் சட்டத்தில் இடித்தது. என் மனதில் ஓடியதெல்லாம், எஞ்சினையும் போட்டு முடிந்த வேகத்தில் தெற்கே போய்விட வேண்டும் என்பதுதான். தரைவாசியின் மூளை அப்படி. மழை வந்தால் ஓடு, வீட்டுக்குப் போ. ஆனால் வீடு நானூறு மைலுக்கு அப்பால், காற்றுக்கு நேர் எதிரே.

கேப்டன் மேலே வந்தார். "நிறுத்தப் போகிறேன்" என்றார்.

எதை?

"படகைத்தான்."

பாய்ப்படகை நடுக்கடலில் நிறுத்தலாம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், வளைகுடாவில் மெல்லிய காற்றில் விளையாட்டாகச் செய்தும் பார்த்திருந்தேன். ஹீவ்-டு என்பார்கள். முன்பாயின் கயிற்றை மாற்றாமல் விட்டுவிட்டுப் படகை மட்டும் காற்றின் ஊடாகத் திருப்ப வேண்டும். அப்போது முன்பாய் தவறான பக்கம் காற்றை வாங்கிப் படகின் முகத்தை ஒருபுறம் தள்ளும். சுக்கானைக் காற்றுப் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டால் அது முகத்தை மறுபுறம் தள்ளும். பெரிய பாயின் மிச்சத் துண்டும் அதற்குத் துணை. ஒன்று தள்ள மற்றது மறுக்க, படகு இரண்டுக்கும் நடுவில் காற்றுக்குச் சாய்வாக முகம் காட்டி நின்றுவிடும். முழுக்க நிற்காது. ஒரு நாட், ஒன்றரை நாட் வேகத்தில் பக்கவாட்டில் நழுவும். அப்படி நழுவும்போது கீலுக்குப் பின்னால் கலங்கிய தண்ணீர் ஒரு வழவழப்பான திட்டாகக் காற்றுப் பக்கம் விரியும். உடைய வரும் அலை அந்தத் திட்டில் பட்டதும் வேகம் தணியும்.

இந்தக் கலைக்காகவே வாழ்நாளெல்லாம் வாதாடியவர்கள் லின், லாரி பார்டி தம்பதி. தாங்களே கட்டிய 24 அடி, 29 அடிப் படகுகளில், எஞ்சின் இல்லாமல் உலகைச் சுற்றியவர்கள். பின்னாளில் ஆக்லாந்துக்கு வடக்கே கவாவ் தீவில் குடியேறினார்கள். புயலில் நிற்பதைப் பற்றி அவர்கள் எழுதிய கையேடு எங்கள் படகிலும் இருந்தது, ஈரம் பட்டு உப்பிப்போய். எல்லாப் படகுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கீல் குறுகிய, எடை குறைந்த புதுப் படகுகள் பல இப்படி அடங்கி நிற்க மறுக்கின்றன. அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. காற்றோடு ஓடுவார்கள், அல்லது பின்னால் கயிற்றில் இழுவைக்கூம்புகளைக் கட்டி வேகத்தைக் குறைப்பார்கள். எங்கள் படகின் மந்தத்தனம் அன்றைக்குப் பயன்பட்டது.

கேப்டன் அலைகளை எண்ணினார். கொஞ்சம் தாழ்வான மூன்று வரும்வரை காத்திருந்தார். சக்கரத்தைத் திருப்பினார். படகு ஒரு பெரிய முனகலோடு சுழன்றது, முன்பாய் படாரென்று பின்வாங்கியது, சுக்கானைக் கட்டினோம்.

சத்தம் போய்விட்டது.

காற்று அதே 35தான், அலையும் அதேதான். ஆனால் மோதல் இல்லை. படகு ஏறியது, சாய்ந்தது, இறங்கியது. விழவில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்றே நினைத்தேன். படகின் காற்றுப் பக்கம் தண்ணீர் உண்மையிலேயே வழுவழுப்பாக இருந்தது. ஒரு பெரிய அலை நுரையோடு நிமிர்ந்து வந்து, அந்த இடத்தில் எங்களுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய் உடைந்தது. எல்லா அலையும் இவ்வளவு மரியாதை காட்டவில்லை. இரவில் இரண்டு மூன்று அலைகள் பக்கவாட்டில் உலக்கையால் இடிப்பது போல இடித்துவிட்டுத்தான் போயின.

கேப்டன் கீழே இறங்கிச் செய்த முதல் வேலை ஓட்டையைத் தேடியது அல்ல. அடுப்பைப் பற்ற வைத்தார். பம்பு தண்ணீரைச் சமாளிக்கிறது, கால் மணி நேரத்தில் மூழ்கிவிட மாட்டோம், முதலில் சூப் என்றார். பூசணிக்காய் சூப், டப்பாவிலிருந்து. ஆழமான கிண்ணத்தில் ஊற்றி ஆளுக்கொரு கரண்டி. எனக்கு எரிச்சலாக வந்தது. காலடியில் கடல் நுழைந்துகொண்டிருக்கிறது, இந்த மனிதர் மிளகுத்தூள் தேடுகிறார். பாதிக் கிண்ணம் உள்ளே போனதும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. கை நடுங்குவது நின்றது. மேசையின் எதிர்ப்புறம் கேப்டனின் மனைவி, "நங்கூரச் சங்கிலிக் குழாய்" என்றார். சூப் குடித்துக்கொண்டே யோசித்திருக்கிறார்.

சரியாகவே யோசித்திருந்தார். முன்தளத்திலிருந்து நங்கூரச் சங்கிலி உள்ளே இறங்கும் குழாயின் அடைப்பைக் கடல் பிடுங்கிப் போயிருந்தது. முன்பக்கம் தண்ணீரில் புதையும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி அந்த வழியாக இறங்கியிருக்கிறது. படகு நின்ற பிறகு முன்பக்கம் புதைவதே குறைந்துவிட்டதால் கசிவும் பாதியாகிவிட்டது. திரும்ப அடைக்கத் துணி வேண்டும். துண்டு என்றால் மெலிசு, போர்வை என்றால் தடிமன். கடைசியில் என் பழைய கைலிதான் சரியான கனம் என்று முடிவானது. பருத்தி நனைந்தால் இறுகும். வெளிச்சம் போவதற்குள் கேப்டன் ஹார்னஸைத் தளத்தின் பட்டையில் மாட்டிக்கொண்டு, முழங்காலும் முழங்கையுமாக ஊர்ந்து முன்னே போனார். நான் பாய்மரத்தடியில் என்னைக் கட்டிக்கொண்டு அவர் கயிற்றைப் பிடித்திருந்தேன். இரண்டு முறை தண்ணீர் அவரை முழுக்க மூடியது. கைலியைச் சுருட்டிக் குழாயில் திணித்து, மேலே பிளாஸ்டிக் பையைப் போட்டுச் சணலால் இறுக்கிவிட்டுத் திரும்பினார். அரை மணி முன்னால், படகு மோதிக்கொண்டிருந்தபோது, அதே வேலைக்கு யாரும் அங்கே போயிருக்க முடியாது.

1979இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் பந்தயம் பற்றி அன்றிரவு அவர் சொன்னார். 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப்போன படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. தெப்பத்தில் இறங்கியவர்களில் சிலர் பிழைக்கவில்லை, அவர்கள் விட்டு வந்த படகு பிழைத்தது. "படகுக்குப் பசிக்காது, தூக்கம் வராது. நமக்கு வரும். அதனால் நம்மைத்தான் பழுதுபார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றார். ஆசிரியராக இருந்தவர். சொன்னதை இரண்டாம் தடவையும் சொன்னார்.

நின்றாலும் காவல் உண்டு. என் முறையின்போது திரையில் ஒரு சரக்குக் கப்பல் தோன்றியது, பன்னிரண்டு மைல் தூரம், நேராக எங்களை நோக்கி. வானொலியில் கூப்பிட்டு, நாங்கள் நிற்கும் பாய்ப்படகு, விலக முடியாத நிலை என்று சொன்னேன். மறுமுனையில் தூக்கக் கலக்கமான ஒரு குரல் எங்கள் இடத்தைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தது, கப்பல் சில பாகை திரும்பியது. "இந்தக் காற்றில் அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டது குரல். மரியாதையான கேள்விதான், பதில் சொல்லத் தெரியவில்லை. நன்றி என்றேன். என் முறை முடிந்ததும் ஈரத்தையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன். உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலோரம் கட்டியிருந்த கித்தான் துணியில் முதுகைச் சாய்த்ததுதான் தெரியும். ஆறு மணி நேரம் தூங்கினேன். கிளம்பியதிலிருந்து முதல் முழுத் தூக்கம்.

காலையில் காற்று 25. வரைபடத்தில் பார்த்தால் இரவு முழுக்க வடகிழக்கே ஒரு பதினைந்து மைல் நழுவியிருந்தோம். வந்த வழியிலேயே பதினைந்து மைல்! கேப்டன் அதை நாட்குறிப்பில் பெருமையாகவே எழுதினார். பழைய அலை செத்துவிட்டது, தென்மேற்கு அலை மட்டும் ஒழுங்காக வந்தது. பொங்கல் மறுபடி. முன்பாயைச் சரியான பக்கம் விட்டு, சுக்கானை அவிழ்த்து, மேற்கே சாய்ந்து புறப்பட்டோம்.

அதற்குப் பிறகு குளிர்தான். கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை. கடல் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியது. சிறகை அசைக்காமலே ஓர் ஆல்பட்ராஸ் அரை நாள் எங்களோடு வந்தது. நியூசிலாந்துக் கரையில் பிரெட் முனையின் விளக்கு தெரிந்தபோது நள்ளிரவு. நாங்கள் போய்ச் சேர வேண்டிய ஓப்புவா துறைமுகத்துக்கு இரவிலும் போகலாம், வழியெல்லாம் விளக்கு மிதவைகள் இருக்கின்றன, பலர் போகிறார்கள். கேப்டன் மறுபடி படகை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். அவர் என்ன சொல்வார் என்று தெரிந்ததால் நான் எதுவும் கேட்கவில்லை. என் அலுவலகத்தில் அன்று காலை எனக்காக ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது.

ஓப்புவாவில் மஞ்சள் கொடியோடு தனிமைத் துறையில் கட்டினோம். அதே மேடையின் மறுகோடியில் மினெர்வாவில் இறால் கொடுத்த நாலு இளைஞர்களின் படகு கிடந்தது. சோதனையெல்லாம் முடிந்தும் ஏதோ எஞ்சின் பழுதுக்காக அங்கேயே கட்டியிருந்தார்கள். ஒன்றரை நாள் முன்னாலேயே வந்துவிட்டார்களாம். நிற்கவே இல்லை. முகப்பின் வழியாக நேராக ஓட்டியிருக்கிறார்கள். ஒருவனுக்கு மணிக்கட்டில் சுளுக்கு, ஒரு பாயில் கிழிசல், மற்றபடி நாலு பேரும் தெம்பாகத்தான் இருந்தார்கள். நிறைய சிரித்தார்கள். அலை ஆறு மீட்டர் என்றார்கள். கேப்டன் அவர்கள் கையை மனதாரக் குலுக்கினார். நன்றாக ஓட்டியிருக்கிறீர்கள், உங்கள் வயதில் நானும் அப்படித்தான் ஓட்டியிருப்பேன் என்றார்.

"நீங்கள் ஏன் நின்றீர்கள்?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"சூப் குடிக்க."

கேலி செய்கிறாரா என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அதற்குள் உயிரிப்பாதுகாப்பு அதிகாரி கையுறையோடு எங்கள் படகுக்கு வந்துவிட்டார். தேன், முட்டை, வெங்காயம், மிச்சமிருந்த இஞ்சி எல்லாவற்றையும் பைக்குள் போட்டார். முன்தளத்துக்குப் போய்ச் சங்கிலிக் குழாயைப் பார்த்துவிட்டு, இது என்ன துணி என்று கேட்டார். என்னுடையது என்றேன். இனி உங்களுக்கு வேண்டுமா, குப்பையில் சேர்த்துவிடலாமா என்றார். வேண்டும் என்றேன். உருவி எடுக்கக் கேப்டனும் நானும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.